இரண்டு ஊர்த் தண்ணீர்

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். பதினேழாவது வயதில், இலுப்பூருக்கும் விராலிமலைக்கும் நடுவில் இருக்கும் என் அப்பாவின் சொந்த ஊருக்கு வாழ வந்தேன். அப்பாவின் அக்கா மகனுக்குத்தான் என்னைக் கொடுத்தார்கள். சென்னை வரை கப்பல், திருச்சி வரை ரயில், விராலிமலை வரை பஸ், அதற்கப்புறம் மாட்டு வண்டி. அப்பா ரங்கூனில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் பிட்டராக இருந்தார். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் லீவு தீர்ந்துவிட்டதென்று கப்பலேறப் போய்விட்டார்.

வந்த மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு, "குழாய் எந்தப் பக்கம் அத்த?" என்று மாமியாரிடம் கேட்டேன். தெருவே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது.

குழாய் இல்லை. ஊருக்கு மேற்கே ஒரு ஊருணி இருந்தது. மழைத் தண்ணீர் தேங்குவது. செம்பாறைக் கல்லில் படி கட்டியிருந்தார்கள். பெண்கள் படியிறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, மேலாக மிதக்கும் தூசியைக் கையால் விலக்கிவிட்டுக் குடத்தை அமுக்கி எடுப்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். கோடையில் அது கலங்கிப் பச்சையாகிவிடும்.

ரங்கூனில் நாங்கள் இருந்தது ஒரு மரவீட்டின் மாடியில் இரண்டே அறை. நம் ஜில்லாப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் எங்களோடு தங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் கீழே தெருவில் குழாய் இருந்தது. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் வரும். தமிழர், தெலுங்கர், வங்காளத்து முஸ்லிம், பர்மாக்காரப் பெண் என்று யார் முதலில் குடம் வைத்தார்களோ அவர்கள் முதலில் பிடிப்பார்கள். தெருவில் மின்சார விளக்கு எரிந்தது. குப்பையை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. இங்கே விடிவதற்கு முன் பெண்கள் கூட்டமாகக் கருவேலங்காட்டுக்குப் போய்வர வேண்டும்.

இதையெல்லாம் நான் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. எதைப் பார்த்தாலும் "ரங்கூனில் இப்படி இல்லை" என்று வாயில் வந்துவிடும். அத்தை முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த வீடு ஒங்கப்பனுக்குச் சொந்தமாடி?"

"இல்லத்த. வாடகைதான்."

"ஒரு கீரை வெதைக்க எடமிருந்துச்சா?"

"இல்ல."

"ஒங்காத்தா காய்ச்சல்ல செத்தாளே, அழுகறதுக்கு ஒரு சொந்தக்காரப் பொம்பள இருந்தாளா? நாலு ஆம்பளைக தூக்கிட்டுப் போயி எரிச்சுட்டு வந்தாங்கன்னு தம்பி கடுதாசி எழுதியிருந்தான். நான் இங்க ஒக்காந்து தனியா அழுதேன். வெளக்கு எரிஞ்சா ஆச்சா? ஒனக்கு ஒண்ணுன்னா இங்க பாரு, இந்தத் தெருவே ஓடியாரும்."

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மாடிப்படி குறுகலாக இருந்ததால் அவளை இறக்கச் சிரமப்பட்டார்கள். எதிர்வீட்டுப் பர்மாக்காரப் பெண் ஒருத்திதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ரங்கூன் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

வந்து பதினோராம் மாதம், பங்குனி வெயிலில், என் கணுக்காலுக்கு மேலே நெருப்புப் பட்டதுபோல ஒரு கொப்புளம் வந்தது. மூன்றாம் நாள் அது உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலைகாட்டியது. நரம்புச் சிலந்தி. அந்த ஊரில் அது வராத வீடு கிடையாது. கோடை வந்தால் அம்மை வருவதுபோல, கோடை வந்தால் சிலந்தி வரும் என்று இருந்தார்கள். அத்தை ஊமத்தை இலையை வதக்கிக் கட்டினாள். வெளியே வந்த நுனியை விளக்குமாற்றுக் குச்சியில் கட்டி, நாளைக்கு ஒரு சுற்று சுற்றினாள். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். முழுசாக வெளியே வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

படுத்துக் கிடந்தபோது அத்தை சொன்னபடியேதான் தெரு என்னைப் பார்த்துக்கொண்டது. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி என் துணியைத் துவைத்துப் போட்டாள். எல்லோரும் "எங்களுக்கெல்லாம் வந்ததுதான், பொறுத்துக்க" என்றார்கள். ஆனால் எனக்கு ஒரு நினைவு வந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

ரங்கூனில் எங்களோடு தங்கியிருந்த நாலு பேரில் யாராவது லீவில் ஊருக்குப் போய்த் திரும்பினால், அடுத்த கோடையில் அவருக்குக் காலில் சிலந்தி வரும். அம்மாதான் குச்சி கட்டுவாள். அதற்கடுத்த வருஷம் வராது. அப்புறம் வரவே வராது. மறுபடி ஊருக்குப் போய்வந்தால் மறுபடி வரும். "ஊர்த் தண்ணி ஒடம்புல இருக்க மட்டும் வரும்" என்று அம்மா சும்மா சொல்லிவைப்பாள். எனக்கோ பதினேழு வருஷம் வராதது, ஊருக்கு வந்த பதினோராம் மாதம் வந்திருக்கிறது. அதுவரை நான் இரண்டு ஊரையும் ஒப்பிட்டதெல்லாம் வீம்புக்கு. இந்த ஒப்பீடு மட்டும் என்னை உலுக்கிவிட்டது. புழு தண்ணீரில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் இல்லை, இந்தத் தண்ணீரில் இருக்கிறது.

நடக்க முடிந்ததும் கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நாலு மடிப்பாக மடித்தேன். பானை வாயில் கட்டி, ஊருணித் தண்ணீரை அதில் ஊற்றி வடித்த பிறகுதான் வீட்டில் குடிக்க வைத்தேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"ஊரெல்லாம் குடிக்கிற தண்ணி. நீ மட்டும் துணி போட்டு வடிக்கிற. பாக்கிறவ என்ன நெனப்பா?"

"நெனச்சா நெனைக்கட்டும் அத்த. ஒங்களுக்கு நான் வடிச்சே தருவேன்."

கணவர் எதிலும் பேச்சு வளர்க்காதவர். "துணிதானே. கட்டிட்டுப் போறா, விடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஒரு வருஷம் ஒரு குடம் தவறாமல் வடித்தேன். அடுத்த கோடை வந்தது. கணவருக்கு இரண்டு காலிலும் சிலந்தி வந்தது. ஒன்று அறுந்து, முழங்கால் வரை வீங்கி, ஆடி விதைப்புக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். எங்கள் நிலம் பாதி தரிசாகக் கிடந்தது. தெருப் பெண்கள் வாசலோடு போகும்போது, "வடிச்ச தண்ணியிலயும் வந்துருச்சாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அவரிடம் கேட்டேன்: "வீட்டுல குடிக்கிறது சரி. வயலுக்குப் போறப்ப எங்க குடிக்கிறீங்க?"

"ஊருணிலதான். போற வழில ரெண்டு கை அள்ளிக் குடிப்பேன்."

என் துணியில் பழுது இல்லை என்று தெரிந்துகொண்டேன். அடுத்த நாளிலிருந்து சுரைக் குடுக்கையில் வடித்த தண்ணீர் ஊற்றி, அவர் தோளில் மாட்டி அனுப்பினேன். "இதத் தவிர வேற தண்ணி வாயில படக்கூடாது" என்றேன். "சரி" என்றார். மறுவருஷக் கோடையில் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் வந்தது. அத்தை தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "இது இன்னும் நெருக்க நெசவு" என்றாள்.

தெருவில் யாரும் அதைப் பார்த்துத் துணி கட்டிவிடவில்லை. முதலில் என்னிடம் கேட்டவள் எங்கள் வயலில் களையெடுக்க வரும் ஒரு பெண். ஊருணிப் படியில் கால் வைக்கக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த தெற்குத் தெருவைச் சேர்ந்தவள். அவர்களுக்குத் தனியாக ஒரு குட்டை. அது எங்கள் ஊருணியைவிட மோசம். "எத்தன மடிப்பு போடணும்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மறுநாள் வடித்துவிட்டாள்.

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அப்பாவைப் பற்றி நாலு மாதம் தகவல் இல்லை. சித்திரையில் ஒரு காலையில், வண்டிப்பாதையில் யாரோ தடி ஊன்றி வருவதை அத்தைதான் முதலில் பார்த்தாள். நடையை வைத்தே தம்பியென்று கண்டுகொண்டு, ஈரக் கையோடு ஓடினாள். அப்பா மலைக்காட்டு வழியாக நடந்து வந்திருந்தார். கையில் ஒரு துணி மூட்டைகூட இல்லை. கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. ரங்கூனில் எங்களோடு தங்கியிருந்தவர்களில் இரண்டு பேர் வழியிலேயே வாந்திபேதியில் போய்விட்டார்களாம்.

அவர் ரங்கூனைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "முப்பது வருஷம் இருந்தேன். ஒரு வாரத்துல அது நம்ம ஊரு இல்லன்னு ஆயிருச்சு." அத்தை அன்று என்னை ஜெயித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு கரண்டி கூழ் ஊற்றினாள். பர்மா அரிசி நின்றுபோய் எல்லோரும் கூழுக்கு வந்துவிட்ட வருஷம் அது.

கால் ஆறியதும் அப்பா தினமும் ஊருணிக் கரையில் போய் உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். சிலந்திக் கொப்புளம் எரிகிறதென்று ஒரு பெண் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி குடத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா தாயி. கால்லேருந்து தண்ணிக்கு, தண்ணிலேருந்து வாய்க்கு. நீ வாய்ப்பக்கம் துணியக் கட்டியிருக்க. கால்ப்பக்கம் அடைக்கணும்."

"எப்படிப்பா அடைக்கிறது?"

"படி இருக்கவரைக்கும் கால் போகும். கரையில கெணறு வெட்டி, மேல நின்னு இறைச்சாக் கால் போகாது."

கிணறு வெட்ட ஊர்த் தலைவரான அம்பலகாரர் சம்மதிக்க வேண்டும். அப்பா போய்க் கேட்டார். "முப்பாட்டன் வெட்டுன ஊருணிய மூட வந்திருக்கியா? ரங்கூன்ல தொலச்சதுக்கு இங்க வந்து ராஜ்யம் பண்ணலாம்னு பாக்கிறியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கணவர் போனார், அதே பதில். நான் விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அம்பலகாரர் மருமகளிடம் பேசினேன், அவர் தங்கையிடம் பேசினேன். எதிரே என்னைப் பார்த்தால் பெண்கள் வழி மாறிப்போகும் அளவுக்குப் பேசினேன்.

அந்த ஆடியில் மழை முன்கூட்டியே இறங்கியது. மண் பதமாக இருந்தது. ஏர் பிடிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். அம்பலகாரரின் பண்ணை ஆட்களிலும் பாதிப்பேர் எழவில்லை. அவர் என் கணவரை ஏரோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அத்தை அந்த ஆளிடம், "அவன் வருவான். மொதல்ல நான் வாரேன்" என்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அம்பலகாரர் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சொன்னாள்.

"அண்ணே, இவ வந்த புதுசுல ரங்கூனுதான் ஒசத்தின்னு பேசுவா. எங்க ஊரு எதுல கொறஞ்சு போச்சுன்னு நான் இவளோட மல்லுக்கு நிப்பேன். இப்ப நான் ஒங்களக் கேக்கிறேன். எங்க ஊரு கொறஞ்சதில்லன்னா, எங்க தண்ணில மட்டும் ஏன் புழு இருக்கு?"

அவர் கொட்டகையில் சும்மா நின்ற உழவு மாடுகளின் பக்கம் திரும்பினார்.

"எம்மகன் ஏர் பிடிக்க வாரான். ஏன் வர முடியுது? இந்தப் பொண்ணு மூணு வருசமா வடிகட்டிக் குடுத்திருக்கு. ஒங்க ஆளுக ஏன் வர முடியல? அதச் சொல்லுங்க, நான் போயிடுறேன்."

அவர் கேட்டார்: "கெணறு வெட்டுனா ஊருணிய என்ன செய்யிறது?"

அதற்கு நான் பதில் சொன்னேன். அவர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "ஊருணி அப்படியே இருக்கட்டுங்க. படிய மட்டும் முள்ளு வச்சு அடைச்சிருவோம். அதோட ஊத்து கரையில இருக்க கெணத்துக்குத்தான வரும்."

விதைப்பு முடிந்ததும் வெட்டத் தொடங்கினார்கள். செம்பாறை கடினம். கடப்பாரை முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். கொல்லர் உலைக்கும் கிணற்றுக்குமாக ஆட்கள் நடந்தார்கள். சண்டைக் காலத்தில் இரும்பு கிடைப்பது அரிது. அப்பா திருச்சிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு சக்கரம் தேடி எடுத்துவந்து, பனங்கட்டையில் சட்டம் அடித்து ராட்டினம் மாட்டினார். இடுப்புயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். ஊருணிப் படியைக் கருவேல முள் வைத்து அடைத்தோம்.

அடைத்த முள்ளை மூன்று தடவை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். இறைக்கத் தோள் வலிக்கிறது, குனிந்து அள்ளினால் சுலபம் என்பது அவர்கள் நியாயம். மூன்று தடவையும் நாங்கள் மறுபடி வைத்தோம். ஒரு மாதம் விடியற்காலையில் நான் போய் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வயதான பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் நானே இறைத்துக் கொடுத்தேன். உள்ளங்கை காய்த்துப்போனது. இரண்டாம் கோடையில் தெருவில் ஓரிரு பேருக்குத்தான் சிலந்தி வந்தது. மூன்றாம் கோடையில் ஒருவருக்கும் வரவில்லை.

தெற்குத் தெருவில் வந்துகொண்டுதான் இருந்தது. புதுக் கிணற்றுக் கயிற்றை அவர்கள் தொடக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அதை எதிர்த்து நான் ஒன்றும் செய்யவில்லை. கிணறு கிடைத்ததே பெரிது என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் நிமிராமலே கேட்டாள்.

"துணி குடுத்தீங்க. கயிறு எப்பங்க குடுப்பீங்க?"

எனக்குக் கூசிவிட்டது. ரங்கூன் குழாயடியில் யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் நின்றது என்பதை நான் தினமும் பார்த்தவள். அந்த ஊரின் விளக்கையும் டிராமையும் பற்றித் தெருவெல்லாம் பேசினேன். இதை ஒரு நாளும் பேசவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஊர்க் கிணற்றுக் கயிற்றை வாங்கித்தர அவராலும் முடியவில்லை. குட்டைக் கரையிலேயே ஒரு கிணறு வெட்ட அளவு போட்டுக்கொடுத்து, அந்தத் தெரு ஆட்களோடு தானும் இறங்கினார். பத்தடியில் பாறை வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியது. மில்லிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. திரும்பி வந்தால் வேலை உண்டு. அப்பா ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "எனக்குத் தெரிஞ்ச வேல அங்கதான் இருக்கு. மாப்பிள்ளைக்கும் கேட்டு வாங்கித் தர்றேன். ரெண்டு பேரும் பிள்ளைய எடுத்துக்கிட்டு வந்துருங்க" என்றார். எங்களுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

கணவருக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. வரப்பில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார். "மழையப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. அங்க மாசாமாசம் சம்பளம். பிள்ள பள்ளிக்கொடம் போகும். ஒனக்கும் அந்த ஊருதான உசுரு. போவமா?"

அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் உண்மை. அங்கே வாழ்க்கை சௌகரியம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குழாய் எல்லாம் உண்டு. அவை எதுவும் நாங்கள் உண்டாக்கியது இல்லை. வாடகை கொடுத்து அனுபவித்தோம். வெளியே போ என்றபோது அப்பா வெறுங்கையோடு நடந்தார். இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாததைக் கேட்கவும், சண்டை போட்டு உண்டாக்கவும் எனக்கு இடம் இருந்தது. அத்தைக்கு நான் அன்று சொல்லத் தெரியாமல் விட்ட பதில் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"நான் வரல" என்றேன். "கெணறு பாதியில கெடக்கு. பிள்ளைக்குப் பள்ளிக்கொடம் வேணும்னா, இலுப்பூர்ல இருக்கு. நடந்து போகட்டும். கூட நாலு பிள்ளைகளச் சேத்து அனுப்புவோம்."

"அப்ப நானும் போகல" என்றார் அவர். அப்பா மட்டும் கப்பலேறினார். போகும்போது பாறையில் எங்கே வெடி வைக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் குறிபோட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்லுடைக்கும் ஆட்கள் கிடைக்க எட்டு மாதம் ஆனது. கணவரும் அந்தத் தெரு ஆண்களும் வெடித்த கல்லைத் தூக்கினார்கள். பெண்களோடு நானும் கூடை சுமந்தேன். எங்கள் தெரு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. ஒரு பங்குனிக் காலையில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று பீறிட்டது. ஒரு வாரத்தில் தெளிந்து, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. களையெடுக்க வரும் அந்தப் பெண்தான் முதல் வாளியை இறைத்தாள். இறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாளியில் கை விட்டு அள்ளிக் குடித்தேன். வடிகட்டவில்லை.

நான் வீடு வருவதற்குள் சேதி அத்தைக்கு வந்துவிட்டது. அடுப்படி வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். "குளிச்சுட்டு வா" என்றாள். "குளிக்கிற அளவுக்கு ஒண்ணும் ஆகல அத்த" என்றேன். மூன்று நாள் என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. என் தட்டைத் தனியே வைத்தாள். நானும் குளிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியில் மூன்று கல் கூட்டி எனக்கும் பிள்ளைக்கும் சமைத்துக்கொண்டேன். கணவர் வந்து என் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நான்காம் நாள் காலையில் அத்தைக்குத் தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது போலிருக்கிறது. கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, என் மூன்று கல்லுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அந்தத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டாள்.

"நல்ல தண்ணி அத்த" என்றேன்.